முன்பல்லை அடைத்த மாப்பிள்ளை

பல் டாக்டரிடம் முழு உண்மையைச் சொன்ன மனிதன் இன்னும் பிறக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல் தேய்ப்பீர்கள் என்று கேட்டால், கூசாமல் இரண்டு என்போம். பாக்கு போடுவீர்களா என்றால், அப்படி ஒரு பொருளை வாழ்நாளில் கண்டதே இல்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வோம். நான் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. தென்காசியில் அந்த டாக்டரம்மா, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டதற்கு, "புளியங்குடியில எலுமிச்சங்கா கமிஷன் கடையில பில் போடுதேன்" என்றேன். சுத்தமான உண்மை. முகூர்த்த நாளெல்லாம் மாரியப்பன் அண்ணாச்சியின் பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசிக்கிறேன் என்கிற மீதிப் பாதியை மட்டும் சொல்லவில்லை. பல்லுக்கும் ட்ரம்பெட்டுக்கும் என்ன சம்பந்தம்? உதட்டால்தானே ஊதுகிறோம்? (இவ்வளவு ஞானத்தோடு அந்தத் தொழிலில் நான் பல வருஷம் குப்பை கொட்டியிருந்தேன்.)

கதைக்கு முன்னால் என்னுடைய முன்பற்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேல் வரிசையில் நடுவில் இருக்கிற இரண்டு பற்களும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள். இடையில் நல்ல சந்து. சின்ன வயதில் அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள், காசு தங்காது என்று சிலர் சொன்னார்கள். நான் இரண்டையும் நம்பவில்லை. அதிர்ஷ்டமும் வரவில்லை, தங்காமல் போவதற்குக் காசும் வரவில்லை.

இந்தச் சந்தோடு நான் கோமதியைப் பெண் பார்க்கப் போனது ஓர் ஆனி மாதம். வீரகேரளம்புதூரில் வீடு. கோமதி ஆயுதப்படையில் போலீஸ். அப்பா சுப்பையா ராணுவத்தில் பேண்டு வாத்தியத்தில் ட்ரம்பெட் ஊதி ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்தில் போலீஸ், பட்டாளம் இரண்டையும் விட்டால் மூன்றாவதாக ஓர் உத்தியோகம் உலகத்தில் இருப்பதே தெரியாது. கோமதிக்கு ஒரு சப்-இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையை அவளுடைய சித்தப்பா கையோடு வைத்திருந்தார். எலுமிச்சங்காய்க்குப் பில் போடுகிறவனை வீட்டுக்குள் விட்டதே சுப்பையா மாமா ஒருவருடைய பிடிவாதத்தால்தான். ராயகிரி கோயில் கொடைத் திருவிழாவில் நான் வாசித்த வீடியோ யார் யார் கையிலோ சுற்றி அவர் போனுக்குப் போயிருந்தது.

"எலுமிச்சங்கா யாவாரம்லாம் கிடக்கட்டும்" என்றார் மாமா. "அந்த வீடியோவுல வாசிக்குதது நீங்கதானா?"

"நான்தான்."

"பாட்டு ஒட்டுவேலை ஒண்ணும் கிடையாதே? இப்பம் ஆளு ஒருத்தன், சத்தம் ஒருத்தன்னு போடுதானுவ."

"இல்ல மாமா. என் வாசிப்புதான்."

"சரி. நிச்சயத்தன்னைக்கு தட்டு மாத்துததுக்கு முன்னால எல்லாரு காதுலயும் விழுத மாதிரி ஒரு தடவ வாசிச்சுக் காட்டிருங்க. அப்பந்தான் எந் தம்பி வாயை அடைக்க முடியும்."

நான் சம்மதித்தேன். அவர் என் காதைக் கேட்டிருந்தாலும் அப்போது அறுத்துக் கொடுத்திருப்பேன். காபித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்த கோமதி என்னை ஒரே ஒரு முறை, கூட்டத்தில் திருடனைத் தேடுகிற பார்வையில், மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இவளைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று கையில் காராச்சேவோடு முடிவு செய்தேன்.

கிளம்பும்போது அடுப்படியிலிருந்து கோமதியின் அம்மா பேச்சியம்மாள் அத்தையின் குரல் கேட்டது. ரகசியம் பேசுகிறார்களாம். "பையன் லட்சணமாத்தான் இருக்கான். பல்லுக்கு நடுவுலதான் ஒரு ஆட்டோ போயிட்டு வரும் போலிருக்கு. போட்டோவுல எப்பிடி விழும்?"

அங்கேதான் என் புத்தி தடம் மாறியது. மாமனாருக்கு வேண்டியது சத்தம், மாமியாருக்கு வேண்டியது பல். இரண்டையும் கொடுத்து அசத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பேண்டு செட்டில் ஒரு வழக்கம் உண்டு. பல்லில் என்ன வேலை இருந்தாலும் ஆடி மாதத்தில்தான் டாக்டரிடம் போவார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது. பிடுங்கினாலும் கட்டினாலும் ஒரு மாதம் ஊதிப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். கிளாரினெட் வாசிக்கிறவர்கள், ட்ரம்பெட் வாசிக்கிறவர்கள் எல்லோரும் ஆடி பிறந்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிவார்கள். எனக்கும் ஒரு முழு ஆடி மாதம் கையில் இருந்தது. அதை நான் குற்றாலத்தில் செலவழித்தேன். சீசன் அப்படி. காலையில் ஐந்தருவி, மத்தியானம் பரோட்டா, சாயங்காலம் மெயினருவி. தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போது பல்லைப் பற்றி யார் நினைப்பார்கள்? ஆவணி பிறந்து, நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஞாபகம் வந்தது.

தென்காசியில் இப்போது டீக்கடைக்கு அடுத்தபடி அதிகம் இருப்பது பல் ஆஸ்பத்திரிதான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் உலகத்தில் எந்தக் கவலையும் இல்லாமல் முப்பத்திரண்டையும் காட்டிச் சிரிக்கிற பேனர். இருப்பதில் பெரிய பேனர் இருந்த இடத்தில் நுழைந்தேன். டாக்டரம்மா நல்லவர். பல் நிறத்திலேயே ஏதோ பசையைச் சந்தின் இரண்டு பக்கமும் வைத்து, நீல விளக்கைக் காட்டினார். அது கல்லாக இறுகிவிட்டது. கண்ணாடியைக் கொடுத்தார். பார்த்தேன். பேனரில் இருந்த பெண்ணுக்கும் எனக்கும் தலைமுடி மட்டும்தான் வித்தியாசம்.

"முன்பல்லால கடினமா எதையும் கடிச்சிராதீங்க" என்றார்.

"சே, எலுமிச்சங்கா யாவாரத்துல கடிக்குததுக்கு என்ன இருக்கு?" என்று சிரித்தேன். புதுப் பல் வந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது.

அடுத்த இரண்டு நாளும் நான் ட்ரம்பெட்டைத் தொடவே இல்லை. அது செங்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன செட்டோடு போயிருந்தது. போகாமல் இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். கண்ணாடிக்கு முன்னால் இருந்தேன்.

அத்தையின் ஆசைப்படி நிச்சயதார்த்தம் குற்றாலத்தில். போட்டோவில் அருவி விழ வேண்டுமாம். மண்டபத்திலிருந்து அருவி தெரியவில்லை. அருவிக்குப் போகிற கூட்டம்தான் தெரிந்தது. வாசலில் வழக்கம்போல வருகிற பெரியவர்கள் கையில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்து வரவேற்றோம். பழமெல்லாம் எங்கள் கடையிலிருந்து நானே பொறுக்கி அனுப்பியவை. சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. அதில் அண்ணன் மனைவி, என் மைனி, சுட்ட கைமுறுக்கும் ஒரு தட்டு. (மைனியின் முறுக்கைப் பற்றிப் பின்னால் வரும். அதை முழுசாகத் தின்றவர்கள் எங்கள் குடும்பத்தில் குறைவு.) இரண்டாவது வரிசையில் சித்தப்பாவும், அவர் பக்கத்தில் இஸ்திரி கலையாத சட்டையோடு அந்த சப்-இன்ஸ்பெக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். மாற்று ஆட்டக்காரர் தயாராக இருப்பதுபோல எனக்குப் பட்டது.

போகிறவர் வருகிறவர் எல்லோரையும் பார்த்து நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். பல் மாறியதை ஒரு மனிதர் கவனிக்கவில்லை. ஆட்டோ போகும் என்று சொன்ன அத்தைகூட, "மாப்பிள்ளைக்கு முகத்துல நல்ல களை" என்றதோடு சரி. மனசு விட்டுப்போயிற்று.

மாமா எழுந்து பெருமையோடு அறிவித்தார். "தட்டு மாத்துததுக்கு முன்னால மாப்பிள்ளை ஒரு பாட்டு வாசிப்பாரு."

மாரியப்பன் அண்ணாச்சி ட்ரம்பெட்டை என் கையில் கொடுத்தார். மவுத்பீஸை உதட்டில் வைத்தேன். வைத்த நொடியே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. உதடு எப்போதும் போய் உட்காருகிற பள்ளத்தைத் தேடியது. பள்ளம் இல்லை. மூச்சைக் கூட்டி ஊதினேன்.

என்ன சத்தம் வந்தது என்று நாகரிகமாக எழுத முடியவில்லை. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைச் சந்தேகத்தோடு பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். நான் கனைத்துவிட்டு மறுபடியும் ஊதினேன். இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமில்லாமல் சத்தம் என்னிடமிருந்துதான் வந்தது.

மாரியப்பன் அண்ணாச்சி என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "ஏய், எவன்லே அங்கன எலுமிச்சங்காய வச்சிக்கிட்டு இருக்கது? அதப் பாத்தா ஊதுதவனுக்கு வாயெல்லாம் எச்சி ஊறும், காத்து நிக்காது. எடுங்கய்யா அத."

ஊதுகிறவன் முன்னால் எலுமிச்சம்பழம் காட்டக் கூடாது என்பது ஊரறிந்த விஷயம். பையன்கள் அதற்காகவே புளியைச் சப்பிக்கொண்டு முன்னால் வந்து நிற்பார்கள். மாமா உடனே பட்டாளத்துக் குரலில் உத்தரவு போட்டார். பெரியவர்கள் கையில் இருந்த பழமெல்லாம் திரும்ப வாங்கப்பட்டது. தட்டில் இருந்தது போயிற்று. வாசல் நிலையில் மிளகாயோடு கட்டியிருந்தது போயிற்று. பந்தியில் வைக்க இருந்த ஊறுகாய் வாளியை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடினார். வெளியே கொட்டிய பழங்களைக் குரங்குகள் எடுத்துக் கடித்துவிட்டுப் பல்லைக் காட்டின. ஒன்றுக்கும் பல்லில் சந்து இல்லை என்பதை அந்த நிலைமையிலும் கவனித்தேன்.

மூன்றாவது தடவை ஊதினேன். காற்று மட்டும் வந்தது.

சித்தப்பா இரண்டாவது வரிசையில் இருந்து எழுந்தார். "அண்ணே, ஒரு சந்தேகம். இவரு வேலை பாக்குதது எலுமிச்சங்கா கடை. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எலுமிச்சங்காய்க்குள்ளதான் கிடக்காரு. இவருக்கு அதப் பாத்து எச்சி ஊறுதாமா?"

எலுமிச்சம்பழத்தைப் பார்த்து வாய் ஊறாத ஒரே ட்ரம்பெட்காரன் என்று நானே பல இடத்தில் பீற்றியிருக்கிறேன். மாமாவின் முகம் சிவந்துவிட்டது. அந்த வீடியோவை அவர் எத்தனை பேருக்கு அனுப்பியிருந்தாரோ.

"குடுங்க இங்கன" என்று என் கையிலிருந்து ட்ரம்பெட்டைப் பிடுங்கினார். "நாலு வரி ஊதுததுக்கு என்னவே இவ்வளவு பாடு? இப்பிடி வைக்கணும். இப்பிடி."

அத்தை, "ஏங்க, வேண்டாம்ங்க" என்று எழுந்தார். அதற்குள் மாமா நெஞ்சை நிமிர்த்தி, மவுத்பீஸை அழுத்தி, ஒரே மூச்சாக ஊதிவிட்டார். சத்தம் வரவில்லை. ட்ரம்பெட்டை இறக்கினார். அதோடு அவருடைய மேல்வரிசைப் பல் முழுவதும் செட்டாக இறங்கி, நிச்சயதார்த்தத் தட்டில், பட்டுச் சேலைக்கும் வெற்றிலைக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது.

இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால்தான் ட்ரம்பெட்டை விட்டுவிட்டேன் என்று மாமா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கட்டுப்பல் விஷயம் அத்தைக்கு மட்டும்தான் தெரியும். மாமா பல்லை எடுத்துத் துண்டில் பொத்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பின்பக்கம் போனார். சப்-இன்ஸ்பெக்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

நானும் ட்ரம்பெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். போகாமல் அங்கே உட்கார்ந்து என்ன செய்வது? பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில், குழாயடியில் நின்று மாமா பல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டுதான் பேசினார்.

"ஈறு வீங்கி ரத்தம் வந்துது. டாக்டர்ட்ட போங்க போங்கன்னு அவ சொன்னா. ஊதுத வாயில ஊசி போட்டுருவான்னு பயந்து போவல. ஒண்ணொண்ணா ஆட்டம் கண்டு எல்லாம் போச்சு. கட்டுப்பல்ல மாட்டிக்கிட்டு ஒருநா ஊதிப் பாத்தேன். வெறுங்காத்துதான் வந்துது. அன்னைக்குப் பெட்டியில வச்சுப் பூட்டுனவன்." குழாயை மூடினார். "நாந்தான் பல்லு இல்லாதவன். ஒமக்கு என்னவே வந்துது?"

இவருடைய மானத்தை ஊர் முன்னால் தட்டில் போட்டுவிட்டேனே என்று அழுகை வந்தது. உண்மையைச் சொன்னால் அத்தையை மாட்டிவிட்டதாகும். சொல்லாவிட்டால் கோமதி போய்விடுவாள். வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"பல்லுல இருந்த சந்து எங்க?"

பட்டுச் சேலையும் கையில் முறுக்குத் தட்டுமாகக் கோமதி நின்றிருந்தாள்.

"எந்தச் சந்து?" என்றேன். (முதல் கேள்விக்கே இப்படிப் பதில் சொல்கிறவன் குற்றவாளி என்று அவர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம்.)

"வீடியோவுல பாத்தேன். பொண்ணு பாக்க வந்தப்பமும் பாத்தேன். இன்னைக்கு இல்ல. எப்பம் அடைச்சீங்க?"

"முந்தாநாள்."

"யாரு சொல்லி?"

நான் தலை குனிந்தேன். "ஆட்டோ போவும்னு அத்தை சொன்னாங்க."

மாமா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என் உதட்டை விரலால் தூக்கி, மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அடப்பாவி" என்றார். "நான் டாக்டர்ட்ட போவாம கெட்டேன். நீரு போயிக் கெட்டீரு."

கோமதி முறுக்குத் தட்டை நீட்டினாள். "கடிங்க."

"முன்பல்லால கடினமா எதையும் கடிக்கக் கூடாதுன்னு டாக்டர்..."

"தெரியும். அதுக்குத்தான். கடிங்க."

மைனியின் முறுக்கு அன்றுதான் தன் பிறவிப் பயனை அடைந்தது. ஒரே கடி. மண்டைக்குள் ஒரு சத்தம். துப்பினால் முறுக்குத் தூளோடு அடைத்ததில் பாதி வந்துவிட்டது. நாக்கை வைத்துப் பார்த்தேன். சந்து திரும்ப வந்திருந்தது. ஓரம் மட்டும் கொஞ்சம் கரடுமுரடு. ஊருக்குப் போய்விட்டு வந்தவன் வீட்டுக் கதவைத் தொட்டதுபோல இருந்தது.

மவுத்பீஸை வைத்தேன். உதடு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. எச்சில் இலைத் தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் நின்றுகொண்டு, ராயகிரியில் வாசித்த அதே பாட்டை எடுத்தேன். முதல் சுரமே சுவரில் மோதித் திரும்பியது. மதில்மேல் இருந்த குரங்குகள் மொத்தமும் மரத்துக்குத் தாவின. மண்டபத்துக்குள் இருந்த பேச்சு நின்றது. எனக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். என் எதிரே மாமா இருந்தார். கட்டுப்பல்லைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒடுங்கிய வாயைக் குவித்துக்கொண்டு, வலது கையின் மூன்று விரல்களால், ட்ரம்பெட்டின் மூன்று கட்டைகளை அழுத்துவதுபோல, தொடையில் என்னோடு கூடவே வாசித்தார். ஒரு இடத்தில்கூட விரல் தப்பவில்லை.

பாட்டு முடிந்ததும், பல் இல்லாமலேயே விறுவிறுவென்று மேடைக்குப் போனார். "தட்டை மாத்துங்க" என்றார். பாதி காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் சித்தப்பா உட்பட எல்லோருக்கும் விளங்கியது.

பல்லில் அடைத்ததில் மீதி இருந்த பாதியைத் தேய்த்துச் சரிசெய்ய அதே டாக்டரம்மாவிடம் போனேன். இந்தத் தடவை நாற்காலியில் சாய்வதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா, வாத்தியத்தைக் கொண்டுவரச் சொல்லி, வாசிக்க வச்சுப் பார்த்துட்டுத்தானே செய்வேன். நீங்க எலுமிச்சங்காய்ன்னுதானே சொன்னீங்க?" அன்றிலிருந்து அங்கே யார் போனாலும் முதல் கேள்வி, ஏதாவது வாத்தியம் வாசிப்பீர்களா என்பதுதான். எங்கள் தெருவில் மாட்டுத் தரகர் ஒருவர் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனார். இந்தக் கேள்வியைக் கேட்டதும் பயந்துபோய்த் திரும்பி வந்துவிட்டார்.

அத்தை மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் என் சந்தைக் கம்ப்யூட்டரில் அடைக்கச் சொல்லிவிட்டார். போட்டோக்காரர் அந்த உற்சாகத்தில் பின்னால் இருந்த குரங்குக்கும் பல்லை வெளுத்துவிட்டார். ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் கோமதிக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று இன்றும் கேட்கிறார்கள்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் இப்போது பெரியவர்களை ஆரஞ்சுப் பழம் கொடுத்துத்தான் வரவேற்கிறோம். வீட்டில் எது நடக்காமல் போனாலும் காரணம் ஒன்றுதான். வண்டி கிளம்பாவிட்டால், எலுமிச்சங்காய எடுங்க. இட்லி உப்பாவிட்டால், எலுமிச்சங்காய எடுங்க. என் மகள் கணக்கில் குறைந்த மார்க் வாங்கி வந்து, "பக்கத்துல இருந்த பிள்ளை எலுமிச்சங்கா வச்சிருந்தாப்பா" என்றாள்.

போன மாதம் மச்சினனின் புது வீட்டுப் பால் காய்ப்பில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். ட்ரம்பெட்டைத் தூக்கினேன். முதல் வரிசையில் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பல்லைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். மூன்று விரலைத் தொடையில் ஊன்றினார். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, வெறும் ஈறால், "எலுமிச்சங்காய எடுங்கலே" என்றார்.